அடகு போகாத தாலியும் அழிக்கப்பட்ட பெயரும்

நம் சங்கம் ஒரு பெண்ணின் பெயரை அழித்திருக்கிறது. ஒரு பிழையும் செய்யாத பெண்ணின் பெயரை, ஒரு தொலைக்காட்சிச் சிரிப்புக்குப் பயந்து அழித்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன். இனி வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுதொழில் சங்கத் தலைவர் முனிராஜ் அவர்களே! பணப்பெட்டியைக் காப்பதில் பழுதே இல்லாத பொருளாளர் திருமலை அவர்களே! பட்டறைப் புகையில் பாதி ஆயுளைக் கரைத்த பெரியோர்களே! காலையில் கம்பெனிப் பேருந்தையும் மாலையில் அடுப்படியையும் ஒரே ஓட்டமாக ஓடிப் பிடிக்கும் என் தாய்மார்களே! தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து, இன்று எங்களில் பலருக்குப் பிழைப்புக் கொடுக்கும் உறவுகளே! கன்னடத்தில் விலை பேசி, தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமாகும் ஓசூர்ப் பெருமக்களே! இன்றைய விழா நாயகர், தொலைக்காட்சி கண்டெடுத்த தொழில் வேந்தர், தம்பி அஸ்வின் அவர்களே! உங்கள் அனைவரையும் கிரைண்டிங் பட்டறைச் சென்னப்பன் வணங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே ‘வாழ்த்துரை’ என்று போட்டிருக்கிறார்கள். போட்டவருக்கு என்னைத் தெரியாது போலும்.

‘முதலாளி யார்?’ என்று ஒரு நிகழ்ச்சி. பார்க்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். தொழில் செய்கிறவர்களைக் கூட்டி வந்து, பாட்டுப் போட்டி போல ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டுவார்கள். கடைசிச் சுற்றுக்குப் பெயர் நேர்காணல். மூன்று பேர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி என்று வந்தவர் கீழே தன்னந்தனியாக நிற்பார். முகத்தில் விளக்கு. முதுகில் மைக். கேட்பவர் கண் கேமராவில், சொல்பவர் கண்ணும் கேமராவில். இதற்குப் பெயர் நேர்காணலா? நேராக எவர் எவரைக் கண்டார்?

அந்தச் சுற்றுக்கு நம் ஊரிலிருந்து இருவர் போனார்கள். ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கும் இந்தத் தம்பி அஸ்வின். இன்னொருவர் கவிப்ரியா. இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை அச்சில் அழுத்தி எடுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறவள். அவள் ஷெட்டுக்கும் என் ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர். உறவினர் ஒருவரை உடன் அழைத்து வரச் சொன்னார்கள். அவள் தந்தை மாடசாமிக்கு உடல்நலமில்லை. அதனால் பெரியப்பா என்று அழைக்கிற பாவத்துக்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆகவே நான் சொல்லப்போவது டி.வி.யில் பார்த்ததல்ல. படப்பிடிப்புக் கூடத்தில், இந்த இரண்டு கண்ணால் பார்த்தது.

போவதற்கு முன் ஒரு பயிற்சி. ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். பயிற்சி கொடுக்க ஒரு வித்தகர் வந்தார். என்ன கற்றுக்கொடுத்தார்? இரும்பு பற்றியா? ரப்பர் பற்றியா? கூலி பற்றியா? குரல் பற்றி! எந்தக் கேள்விக்கு எங்கே இழுத்துப் பேச வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும், அம்மா என்ற சொல்லை எப்போது எடுத்துவிட வேண்டும், கண்ணீர் கன்னத்தில் வரலாமா, கண்ணோடு நிற்க வேண்டுமா! உங்கள் குறை என்ன என்று கேட்டால், ‘நான் ஓய்வே எடுக்க மாட்டேன், அதுதான் என் குறை’ என்று சொல்ல வேண்டுமாம். அடடா! இந்தக் குறை இருக்கிற ஒரு வேலையாளை எனக்கு யாராவது அனுப்பி வையுங்களேன்.

கவிப்ரியா முதல் நாள் மதியமே எழுந்து வந்துவிட்டாள். தம்பி அஸ்வின் மூன்று நாளும் இருந்தார். நல்ல மாணவர். பலன் பார்த்தீர்களே! நடுவர் ஒருவர், உங்களை உருவாக்கியது யார் என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, என் முதல் லேத்தை வாங்க என் தாய் தாலியை அடகு வைத்தாள் என்று தழுதழுத்தார். நடுவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தார். நாடே அழுதது. நானும் கொஞ்சம் அழுதிருப்பேன், பக்கத்து நாற்காலியில் அவர் தாயார் சரோஜம்மாள் உட்கார்ந்திராவிட்டால்! அந்த அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

“எந்தத் தாலிங்கண்ணா? எங்க ஊட்டுக்காரரு மாந்தோப்புக் குத்தகைக் காசுல தானே லேத்து எடுத்தது? இது எங்கழுத்துலயே தானே கெடக்குது?”

அதோ, முன் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரியுங்கள் அம்மா. உங்கள் தாலி நூறாண்டு அங்கேயே இருக்கட்டும்.

பின்னால் யாரோ, சோறு ஆறுது அண்ணா என்கிறார். ஆறட்டும் தம்பி. சூடு பண்ணிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்ததை ஆறவிட்டால் சூடு பண்ண ஆள் கிடையாது.

பிறகு வந்தது அந்தக் கறுப்பு வளையம். நடுவர் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கவிப்ரியாவிடம் நீட்டினார். மாதம் இரண்டு இலட்சம் வேண்டும், முடியுமா, முடியாதா, ஒரே சொல்லில் பதில் என்றார். அவள் வாங்கினாள். வளைத்தாள், மோந்து பார்த்தாள், நகத்தால் அழுத்தினாள். நம் ஊரில் வாடிக்கையாளர் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து வைத்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே செய்தாள். நாம் என்ன சொல்வோமோ, அதையே சொன்னாள்.

“பாத்துட்டுச் சொல்றேங்க சார்.”

நடுவர் சிரித்தார். உங்களுக்கு கான்பிடன்ஸ் இல்லையா என்றார். அவள் அதற்குச் சொன்ன பதில், டி.வி.யில் மட்டும் பார்த்த உங்களில் எவருக்கும் தெரியாது.

“எனக்கு இருக்குதுங்க சார். ரப்பருக்குத் தான் கான்பிடன்ஸ்னா என்னான்னு தெரியாது. எண்ணெயில ஊறப் போட்டா ஊதிக்கும். இன்னிக்கு ஆவும்னு சொல்லிட்டுப் போயிருவேன், நாளைக்கு உங்க லைன் தான் நிக்கும்.”

கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டினேன். ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியில் வந்தது என்ன? பாத்துட்டுச் சொல்றேங்க சார், அவ்வளவுதான். அதையே நான்கு முறை திருப்பிப் போட்டார்கள். பின்னணியில் தவளைச் சத்தம். அவள் பதிலை அறுத்து எறிந்துவிட்டு, அவள் முகத்தை மட்டும் அப்படியே நிறுத்திக் காட்டினார்கள். அதை எடுத்துக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிச் சிரித்தவர்கள் யார்? சென்னைக்காரனா? மும்பைக்காரனா? இந்த மண்டபத்தில் பாதிப் பேர்! தலையைக் குனியாதீர்கள், எனக்கும் அனுப்பினீர்கள்.

அடுத்து அதே வளையத்தைத் தம்பி அஸ்வினிடம் நீட்டினார்கள். இவர் லேத் பட்டறைக்காரர். இரும்பைக் கடைகிறவர். ரப்பர் இவரிடம் இருப்பது ஒரே இடத்தில், செருப்பில். அந்த வளையத்தைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. தொட்டாரா? தொடவில்லை. முஷ்டியை மடக்கி, முகத்தை உயர்த்தி, “முடியும் சார், ஓசூர்னா முடியும்” என்றார். நடுவர் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டம் இவருக்கே என்றார்கள். பூமழை பொழிந்தது. காகிதப் பூதான்.

சரி, அது கேளிக்கை, போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். கேளிக்கை சங்கத்துக்குள் வந்ததே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

வரும் திங்கட்கிழமை, சூளகிரிப் பக்கம் வரப்போகிற பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரிகள் நம் சங்கக் குழுவை உதிரிபாக ஆர்டர் பேச அழைத்திருக்கிறார்கள். இதுவும் நேர்காணல்தான். இங்கே விளக்கு இல்லை, இசை இல்லை. நம் பிழைப்பு இருக்கிறது. அந்தக் குழுவில் ரப்பருக்கு ஒரே பெயர், கவிப்ரியா. அந்த நிகழ்ச்சி வந்த மறுவாரம், அவளுடைய பழைய வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரை வெளிமாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். இருக்கிற வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை அவள் அந்த அறைக்குள் போகாவிட்டால், அச்சு இயந்திரம் நிற்கும், அங்கே வேலை செய்யும் இருபது பெண்கள் வேறு வாசல் தேட வேண்டும். இது தெரிந்தும் நம் செயற்குழு என்ன செய்தது? அவள் பெயரை அடித்துவிட்டு அஸ்வின் பெயரை எழுதியது. ஊரே சிரித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் நம்மையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார் பொருளாளர். டி.வி.யில் வந்த முகம் இருந்தால் மதிப்பு என்றார் தலைவர். வேண்டாம் என்று கை தூக்கியவன் நான் ஒருவன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ‘முடித்துக்கொள்ளவும்.’ முடிக்கிறேன். ஒரே ஒரு கேள்வி, தம்பி அஸ்வினுக்கு. தம்பி, திங்கட்கிழமை அவர்கள் ஒரு ரப்பர் வளையத்தை நீட்டினால் என்ன சொல்வீர்கள்?

என்ன தம்பி? மைக்கில் சொல்லுங்கள். வேண்டாமா? சரி, நான் சொல்கிறேன். தம்பி என் காதில் சொன்னது இது:

“அண்ணா, அது ஷோவுக்காவப் பேசினது. எனக்கு ரப்பரு தெரியாதுன்னு இவங்க எல்லாத்துக்கும் தெரியும். குழுவுல போடுங்கன்னு நான் கேக்கவே இல்லீங்க.”

கேட்டீர்களா, பெருமக்களே? ஆடியவருக்கு அது ஆட்டம் என்று தெரிந்திருக்கிறது. பார்த்த நமக்குத்தான் தெரியவில்லை! அவர் கேட்காத நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம். அவள் உழைத்துச் சம்பாதித்த நாற்காலியை அவளிடமிருந்து பிடுங்கினோம். தொலைக்காட்சி அறுத்தது அவள் பேச்சை. நாம் அறுத்தது அவள் பிழைப்பை. எது பெரிய பாவம்? வியாபாரத்துக்காக வெட்டி ஒட்டியவன் செய்ததா? பக்கத்து ஷெட்டில் இருபது பெண்கள் வேலை செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே, கைப்பேசிப் படத்தை நம்பிய நாம் செய்ததா?

அவள் கடைசி வரிசையில் இருக்கிறாள். எனக்காகக் கெஞ்சாதீர்கள் பெரியப்பா என்று சொல்லித்தான் வந்தாள். கெஞ்சவில்லை அம்மா. இவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறேன்.

தலைவர் முனிராஜ் அவர்கள், இந்தக் கூட்டம் கலைவதற்குள், இதே மேடையில், கவிப்ரியாவின் பெயரைத் திரும்பக் குழுவில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொருளாளர் திருமலை அவர்கள் நாளைக் காலை அவள் ஷெட்டுக்குப் போய், அந்த இருபது பெண்கள் முன்னால், செயற்குழு தவறு செய்தது என்று தம் வாயால் சொல்ல வேண்டும். தம்பி அஸ்வின், நல்ல கடைசல்காரர்தான் நீங்கள், கடைசல் வேலைக்காகத் தாராளமாகக் குழுவில் வர வேண்டும், ரப்பர் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சங்கச் செயலாளர், அறுத்து எறிந்த பதிலை ஒளிபரப்பச் சொல்லி அந்தத் தொலைக்காட்சிக்கு எழுத வேண்டும், பதில் வராவிட்டால் வருகிறவரை எழுத வேண்டும். படத்தை அனுப்பிச் சிரித்தவர்கள், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவரவரைக் கூப்பிட்டு, அவள் சொன்ன முழுப் பதிலையும் சொல்ல வேண்டும். இங்கே விருந்தினராக வந்திருக்கும் மற்ற கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகள், ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஷெட்டுக்கு வர வேண்டும். திங்கட்கிழமை காலை சங்க வண்டியின் முன் இருக்கையில் கவிப்ரியா உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால், என் டெம்போவைச் சங்க வாசலில் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியது என் வேலை.

பசியோடு பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கு நன்றி. சீட்டு அனுப்பியும் மைக்கை நிறுத்தாத தலைவருக்கு நன்றி. எல்லோரையும் வணங்கி அமர்கிறேன். தலைவரே, பேனா என்னிடம் இருக்கிறது. பிடியுங்கள்.