ம்னு சொல்ல ஒரு ஆள்

காலை இழுக்காதீங்கண்ணே. புண்ணுல உப்புத்தண்ணி பட்டா எரியத்தான் செய்யும். இந்தச் சப்பான்காரன் காலத்துல ஆஸ்பத்திரியிலயே மருந்து கிடையாது, இந்தக் காஜா பேராங் ஊர்ல என் வீட்டுல மட்டும் இருக்குமா? சும்மா சும்மா கும்பிடாதீங்க. வாசல்ல விழுந்து கிடந்தீங்க, உள்ள இழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

சப்பான்காரனோட சயாம் ரயில் ரோட்டு வேலையில இருந்து தப்பி ஓடி வர்றவங்க எல்லாருக்கும் இந்தப் பாய்தான். பக்கத்து வீட்டு ருக்மணி தினம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறா, ஊர் நோயெல்லாம் உன் வீட்டுக்குள்ளன்னு. கத்தட்டும். தொண்டைதானே வலிக்கும்.

உங்க வீட்டுல அவங்க பேரு என்ன? கண்ணம்மாவா. அப்படியேதான் கூப்பிடுவீங்களா? கண்ணு. சரி, கண்ணு. ஞாபகம் வெச்சிக்கிறேன்.

எதுக்கா? காய்ச்சல் தலைக்கேறிட்டா உங்களுக்கு என்னைத் தெரியாது அண்ணே. அதுக்குத்தான். பயப்படாதீங்க, எல்லாரும் போயிடுறதில்ல. நல்லையான்னு ஒருத்தர், எழுந்து இங்கேருந்து அவரு ஊரு செங் வரைக்கும் நடந்தே போனாரு. ஆனா கேட்டு வெச்சிக்கிறது என் வழக்கம்.

மொதல்ல வந்தவரு என்னைப் பார்த்து, அஞ்சலை, அஞ்சலைன்னாரு. எனக்கு அடுப்புல மரவள்ளி தீயுது. தொல்லை தாங்காம ம்னேன். ஆட்டைக் கட்டினியான்னாரு. கட்டிட்டேன்னேன். ஆட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அந்த மனுஷன் மூஞ்சி அப்படியே தெளிஞ்சு போச்சு. அதோட கண்ணை மூடிட்டாரு.

இன்னொருத்தர் பொண்டாட்டின்னு நெனச்சு என்னைக் கண்டபடி ஏசினாரு. நானும் விடல, திருப்பி ஏசினேன். சிரிச்சாரு பாருங்க, பல்லெல்லாம் ஆடிட்டு இருந்த வாயால.

பொய் சொன்னா நரகம்னு கான்வெண்ட்ல சிஸ்டருங்க முட்டி போட வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. போறேன். என்ன இப்போ?

ஒண்ணுதான் கஷ்டம். கிணத்தடியில நிக்கும்போது பின்னால இருந்து அஞ்சலைன்னு கேக்குது. என்னங்கன்னு திரும்புறேன். யாரும் இல்ல. சந்திரமதின்னு மட்டும் ஒரு தடவை கூடக் கேக்கல. அது என் பேரு.

வீட்டுக்காரரா? சங்கரன். உங்களைப் பிடிச்சிட்டுப் போன மாதிரிதான், லோரியில ஏத்திட்டுப் போனானுங்க. இல்லண்ணே, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அவரு இருந்த கேம்ப்பு இன்னும் உள்ள, காட்டுல.

எப்படித் தெரியும்னா, அவரு பக்கத்துல படுத்திருந்தவரே இங்க வந்தாரு. ராஜரத்தினம்னு பேரு. இதே பாயிலதான் கிடந்தாரு. சுவத்துல இருந்த எங்க வீட்டுக்காரரு போட்டோவைப் பார்த்துட்டு அவராத்தான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல ராத்திரி பூரா சந்திரா, சந்திரான்னு என்னைக் கூப்பிட்டுட்டே இருந்தாராம். அந்தக் கொட்டாயில பொம்பளை ஏது? நான் ம்னு சொல்லியிருக்கலாம்மா, ஆம்பளைக் குரலாச்சேன்னு வாயைத் தொறக்காம படுத்திருந்தேன்னாரு. விடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சாம்.

வாயைத் தொறங்க. கஞ்சி ஆறுது.

அந்த ராஜரத்தினமா? மறுநாளே காய்ச்சல் ஏறிடுச்சு. மல்லிகா, மல்லிகான்னு கையை நீட்டினாரு. நான் அந்தக் கதவுகிட்ட நின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டேதான் இருந்தேன்.

அப்புறம் போய்ப் பக்கத்துல உக்காந்து, ம், இங்கதான் இருக்கேன்னேன்.