ஓரம் அகன்ற ஓர் அறிக்கை

அவையை அழகு செய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அச்சு மையோடு ஆயுளைக் கழித்த பெரியோர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி என் பேச்சையும் தாங்கும் தாய்மார்களே! பக்கம் வடிவமைக்கும் தோழர்களே! வணக்கம்.

அறிக்கை என்றால் என்ன? அலமாரிக்குத் தீனியா? அழகுக்குப் படமா? யாரோ பின்னாலிருந்து, "தலைக்கு வெச்சுத் தூங்கறதுக்குங்க!" என்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்துவிட்டு இதைக் கேளுங்கள்.

ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவை மூடப் போவதாகப் பேச்சு. அங்கே பணிபுரியும் செவிலியர் ஒருவர், நோயாளிகளும் வீட்டாரும் சொன்னதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, பக்கம் வடிவமைக்கும் நம் சங்கத்துத் தங்கை ஒருத்தியிடம் வந்தார். நிர்வாகக் குழு கூடும்முன் அறிக்கை அச்சாக வேண்டும்.

"எழுத்தைப் பொடியாக்கி, பக்கத்தை ரெண்டு பத்தியாப் பிரிச்சு அடைச்சிடும்மா" என்றார் செவிலியர்.

"அடைச்சா யாரும் படிக்க மாட்டாங்க அக்கா."

"அப்போ வெட்டப் போறியா? ஒவ்வொரு வரியும் ஒரு ஆளு!"

"வெட்டலக்கா, இடம் விடுறேன். புள்ளிவிவரம் எல்லாம் கடைசியில ஒரே மடிப்புத் தாள்ல போகட்டும். முன்னால ஆளுக்கு ஒரு பக்கம். ஓரம் மட்டும் நல்லா அகலமா."

"வெத்து ஓரம் எதுக்கு?"

"படிக்கிறவங்களுக்கு ஏதாவது தோணினா எழுத வேண்டாமா?"

செவிலியர் அரை மனதோடுதான் தலையாட்டினார்.

குழு கூடியது. மூடியே தீரவேண்டும் என்று முழங்கி வந்த உறுப்பினர் ஒருவர், அலட்சியமாகப் புரட்டியவர், ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். அதில் ஒரு நோயாளியின் மனைவி பேசியிருந்தாள்: "வேற ஆஸ்பத்திரின்னா ரெண்டு பஸ் மாறணும். முடிச்சிட்டு வந்தா அவரால நிக்க முடியாது. சீட் கிடைக்கலைன்னா என் மேலயே சாஞ்சுக்குவாரு."

அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை, ஐயா! கண் தப்பியோட வேறு வரி இல்லை! அவர் பேனாவை எடுத்தார். ஓரத்தில் எழுதினார்: 'இவர் எப்படிப் போவார்?' அடுத்த பக்கத்திலும் எழுதினார். அதற்கடுத்ததிலும் எழுதினார். பிறகு எழுந்து, எழுதியதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டார். அதன் பிறகே குழு முடிவெடுத்தது.

"மூடலம்மா! மூடல!" என்று செவிலியர் தொலைபேசியில் கத்த, நம் தங்கை வேலை மேசையிலேயே முகம் கவிழ்த்து அழுதாள்.

தோழர்களே! பத்தியை ஒன்றாக்குவதா, இரண்டாக்குவதா? படம் மேலா, கீழா? கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள்! அதற்கு முன், இந்தப் பக்கத்தில் பேசுவது யார் என்று கேளுங்கள்! அந்தக் குரல் கேட்கும்படி பக்கத்தை அமையுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லோருக்கும் அன்பு வணக்கம்.