நாற்பத்தேழில் நின்ற போன்

ரித்தீஷ், அந்த டார்ச்சை அமத்து. கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகிறது, ஜெனரேட்டர்காரன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். இருக்கிற சார்ஜையும் தீர்த்துவிட்டு அப்புறம் என் போனைக் கேட்காதே. எல்லோரும் இப்படி நூல் பெட்டி மேல் வந்து உட்காருங்கள். மெஷின் ஓடாதபோது இந்த நிட்டிங் ஷெட் எப்படி இருக்கிறது பார்த்தீர்களா... எனக்கு இந்த அமைதியே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், நடுவில் யாரும் பேசக் கூடாது.

என் கூட்டாளி பொங்கியண்ணனின் மச்சான் சென்னியப்பனுக்கு நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி. நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி உள்ளே போகிற ரோடு. இரண்டு பக்கமும் பனியன் கம்பெனி, எல்லாம் லீவு. ஷட்டர் இறங்கியிருக்கிறது. நாய்கூட இல்லை. ஒரே ஒரு கடையில் மட்டும் லைட் எரிகிறது... அது சென்னியப்பனின் போன் சர்வீஸ் கடை.

மூன்று மணியில் இருந்து அவன் ஒரே போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். ஆன் செய்தால் போன் கம்பெனி பெயர் வரும்... அணையும். மறுபடி பெயர் வரும்... அணையும். உள்ளே போகாது. உள்ளிருக்கிற சாஃப்ட்வேர் கெட்டுவிட்டால் அப்படித்தான், கம்ப்யூட்டரில் மாட்டிப் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு வழி. போட்டோ, மெசேஜ் எதையும் தொடாமல் ஏற்றுவது ஒன்று. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றுவது இன்னொன்று.

போன் சுபஸ்ரீ என்கிற பெண்ணுடையது. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள், டெய்லர் வேலை. அவள் புருஷன் வேலுமணி நம்மைப் போல நிட்டிங் ஆபரேட்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து வரும்போது அதே ரோட்டில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளம்பும்போது மகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்.

“யாழினிக் கண்ணு, தூங்கிராதீங்க. அப்பா வந்துட்டே இருக்கறனுங்க.”

அவ்வளவுதான். நம் ஊர் ஆள் இல்லையா, பெற்ற பிள்ளையையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஏழு வயதுப் பிள்ளை ராத்திரி அதைக் கேட்டால்தான் கண்ணை மூடும். எது போனாலும் போகட்டும், அந்தக் குரல் மட்டும் போய்விடக் கூடாது என்று சுபஸ்ரீ கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

“அழிக்க மாட்டனுங்க” என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

என்ன ரித்தீஷ்... பேக்கப்பா? நீ எடுத்து வைத்திருக்கிறாயா? அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டு கேள்.

முதல் தடவை ஏற்றுகிறான். பதினைந்து சதவீதம்... முப்பது... நாற்பத்தேழு... டொங். எரர். இணைப்பு விட்டுப்போச்சு என்று சிவப்பு எழுத்து. கேபிளை மாற்றினான். நாற்பத்தேழு, டொங். கம்ப்யூட்டரில் வேறு ஓட்டையில் சொருகினான், டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதே நாற்பத்தேழு. ஃபைலில்தான் கோளாறு என்று மறுபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து டவுன்லோட் செய்தான். அந்த ஒன்றரை மணி நேரமும் தண்டம். மத்தியானச் சோறு டிபன் பாக்ஸிலேயே ஊசிப்போய்விட்டது.

அப்புறம்தான் நம் ஊர் வியாதி ஞாபகம் வந்தது. சார்ஜர் ஓட்டையில் பஞ்சு. உன் போனிலும் இருக்கும், என் போனிலும் இருக்கும். மஞ்சள் தலை வைத்த குண்டூசி ஒன்று அதற்கென்றே வைத்திருக்கிறான். நோண்டினான். நீலப் பஞ்சு வந்தது. அந்த வாரம் சுபஸ்ரீ நீல டீ-ஷர்ட் தைத்துக்கொண்டிருந்தாள், சரியாகத்தான் இருக்கிறது. இதற்கா இந்தப் பாடு என்று தலையில் அடித்துக்கொண்டு மாட்டினான்.

நாற்பத்தேழு... டொங்.

கேபிளை உருவிப் பார்த்தால் ஓட்டை மறுபடி அடைத்திருக்கிறது. இந்தத் தடவை வெள்ளைப் பஞ்சு. தொட்டால் வெதுவெதுப்பு. மூக்குக்கிட்டே கொண்டுபோனான்... நிட்டிங் ஆயில் வாடை. ஓடுகிற மெஷினில் இருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி. ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

எடுத்துப் போட்டான். மாட்டினான். நாற்பத்தேழு. உருவினான். மறுபடி வெள்ளைப் பஞ்சு, முன்னைவிட இறுக்கமாக, கட்டை விரலால் வைத்துத் திணித்த மாதிரி.

வேறொருவன் என்றால் அந்த இடத்திலேயே கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பான். இவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ வேண்டுமென்றே வம்பு செய்கிற மாதிரி எரிச்சல். ஒரு போனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, குண்டூசியை அடி வரைக்கும் விட்டுக் கடைசித் துணுக்கையும் நோண்டி எடுத்தான். எல்லாவற்றையும் துடைக்கிற வழியை அமுக்கினான்.

நாற்பத்தேழு... நாற்பத்தெட்டு... நூறு. எங்கேயும் நிற்கவில்லை.

போன் புதுசு மாதிரி எழுந்து என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. குண்டூசியை மேஜை மேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

எட்டு மணிக்கு சுபஸ்ரீ பிள்ளையோடு வந்தாள். பாவி, உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெடியாகிவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சிம்மைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்து அனுப்பிவிட்டான். யாழினி இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டது. அதன் முகத்தை இவன் பார்க்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

விடிந்தும் விடியாததுமாக அவன் வீட்டு வாசலில் சுபஸ்ரீ. திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் திட்டவே இல்லை. ஒருமுறை வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் கூப்பிட்டாள். போகிற வழியில்தான் நடந்ததைச் சொன்னாள்.

போனுக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்து அம்மாவும் மகளும் அழுதுகொண்டு கிடந்திருக்கிறார்கள். சிம்கூடப் போடவில்லை. ஒன்பதரை மணி இருக்கும். போன் தானாக வெளிச்சமாகி... பேசியிருக்கிறது. வேலுமணியின் குரல். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற அந்தச் சத்தம்கூட அவருடையதுதான்.

“யாழினி. வந்துட்டேன். கதவத் தொற.”

அதே நேரம் வாசல் கதவில்... டொக். டொக். டொக்.

ஆறு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவள். என்ன ஏது என்று யோசிப்பாளா? ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். பிள்ளைதான் பின்னாலேயே வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

“தொறக்காதீங்கம்மா. அது அப்பா இல்லீங்க. அப்பா ‘தொறங்க’ன்னுதானுங்க சொல்லுவாங்க.”

அவள் கையை எடுத்துவிட்டாள். வெளியே கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். அப்புறம் அது நின்று, சுரண்டுகிற சத்தம். பல்லைக் கூச வைக்கிற மாதிரி, மெதுவாக, விடிகிற வரைக்கும்.

காலையில் கதவு லேசில் வரவில்லையாம், இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறந்திருக்கிறாள். சென்னியப்பன் போய்ப் பார்த்தான். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்து முழுக்க வெள்ளைப் பஞ்சு. சாவி ஓட்டையிலும் பஞ்சு. யாரோ கட்டை விரலால் வைத்து இறுக்கித் திணித்திருக்கிறார்கள். நிட்டிங் ஆயில் வாடை. தொட்டான், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. போன் ஓட்டையையும் இந்தக் கதவையும் அடைத்து எதையோ உள்ளே விடாமல் தடுத்தது யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதுவிட்டான்.

அப்புறம்தான் கவனித்தான். சாவி ஓட்டையில் இருந்த பஞ்சை மட்டும் வெளியே இருந்து யாரோ நோண்டியிருக்கிறார்கள். சின்னச் சின்னத் துணுக்காக, கிட்டத்தட்டப் பாதி வரைக்கும் எடுத்துக் கீழே போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துணுக்குகளுக்கு நடுவில் ஒரு குண்டூசி கிடந்தது. மஞ்சள் தலை வைத்தது.