ஆழ்ந்த உறக்க நிலை

பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன், சார். "எச்சக் கையால காக்கா ஓட்டாத ஆளு இவரு" என்று என் மனைவி கேலி செய்வாள்.

வேலை அப்படி. கதவு மணி, பொம்மை போன்ற சின்னப் பொருட்களுக்குள் மூளை மாதிரி இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவன் நான். அதற்கும் நம்மைப் போலத்தான். முழு விழிப்பு உண்டு. கோழித் தூக்கம் உண்டு, பொத்தானைத் தொட்டால் எழுந்துவிடும். ஆழ்ந்த உறக்கமும் உண்டு. அதில் போட்டுவிட்டால் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் எழாது, நான் குறித்த நேரம் வந்தால்தான் கண் திறக்கும்.

அண்ணனைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியபோது அழைப்பு மணியை நானே செய்தேன். பேச்சு போய்விட்டது, தொண்டையில் குழாய். சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். அசைந்தது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அதன் கீழே பொத்தானை வைத்தேன்.

அமுக்கிக்கொண்டே இருப்பார். சளிக்கு, தாகத்துக்கு, மூக்கில் உட்கார்ந்த ஈக்கு. சில சமயம் போய் நின்றால் சும்மா என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். பகலில் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நான் ஒரு வரி எழுதுவதற்குள் மணி அடிக்கும். என்னை வளர்த்து ஆளாக்கியவரிடம் என்ன சொல்வது? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இப்படி அடித்தால் பேட்டரி என்னத்துக்கு ஆகும் என்று ஒருநாள் தோன்றியது. கருவியின் பின்னால் சின்ன ஸ்விட்ச் ஒன்று வைத்தேன். மனைவி கிளம்பியதும் ஆழ்ந்த உறக்கம், அவள் திரும்பும் முன் கோழித் தூக்கம். உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கும், அந்த நொடியில் பொத்தான் அமுங்கியிருந்தால்தான் மணி அடிக்கும். அண்ணன் மனம் நோகக் கூடாதே என்று பச்சை விளக்கை மட்டும் சிப்போடு சேர்க்காமல், நேரே பொத்தானோடு இணைத்தேன். அமுக்கினால் எரியும். தம்பிக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

"இப்பல்லாம் அவரு ரொம்பத் தொந்தரவு பண்றதில்ல போல?" என்றாள் மனைவி.

"பழகிட்டாரு."

அண்ணன் இறந்த அன்று, வேலையிலிருந்து திரும்பிய அவள்தான் முதலில் அவர் அறைக்குள் போய்ப் பார்த்தாள். "மணி அடிக்கலயாங்க?" என்று கேட்டாள். அடிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை, சார்.

கருவியில் பேட்டரியே இல்லை, சுவர் பிளக்கில்தான் செருகியிருந்தது என்கிறீர்கள். ஆமாம். மிச்சம் பிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்டீர்கள்? என் மேசை அவர் அறை வாசலுக்கு நேர் எதிரே. பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வழக்கத்தைவிட வேகமாக எரிந்தது. பிறகு எரியவில்லை.

மணி அடித்ததும் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.