கோரஸ் பெடல் தீர்மானம்

அண்ணன்: ...நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து பத்து. வானிலை: லேசான தூறல். எழுதிட்டியா?

தங்கச்சி: எழுதறேன், எழுதறேன். டிரம்ஸ் வாசிக்க வந்தவளைக் கணக்குப்பிள்ளை ஆக்கிட்டே. தூறலுக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?

அண்ணன்: புரூஃப் ரீடர் தங்கச்சி கேக்கற கேள்வியா இது?

தங்கச்சி: அண்ணன் புரூஃப் ரீடரா இருக்கறதாலதான் பயந்து கேக்கறேன்.

அத்தை: ஏன்டா, காலால மிதிக்கற ஒரு பெடல் பெட்டியைச் சேக்கலாமா வேண்டாமான்னு பேச மூணு பேர் உக்காந்திருக்கோம். நடுவுல தூறல் எதுக்கு?

அண்ணன்: நம்ம குழுவோட வழக்கம், அத்தை.

அத்தை: தேதியும் நேரமும்தான் வழக்கம். தூறலும் வெயிலும் போன மாசத்துலேருந்து புதுசா முளைச்சது.

அண்ணன்: ஈரத்துல தந்தி இறங்குது. குறிச்சு வச்சுக்கறது நல்லது.

அத்தை: என்னமோ பண்ணு. கீழே அச்சு மெஷினையும் நிறுத்திட்டாங்க, மாடி அமைதியா இருக்கு. ஆரம்பிக்கலாம்.

தங்கச்சி: இல்ல அத்தை, மெஷின் இன்னும் உறுமிட்டுத்தா...

அண்ணன்: நிறுத்தியாச்சு. நீ எழுது.

தங்கச்சி: ...ஆமா. நிறுத்தியாச்சு.

அண்ணன்: பொருள்: பேஸ் கிட்டாருக்குக் கோரஸ் பெடல் சேர்ப்பது. கோருபவர்: அத்தை. காரணம்?

அத்தை: ஆசை.

அண்ணன்: ஆசைன்னு எழுத முடியாது.

அத்தை: ஏன், பேனாவுல மை தீந்துபோச்சா?

அண்ணன்: மேடையில எந்தப் புதுப் பெட்டி ஏறினாலும் தக்க காரணம் எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடணும். நீங்க கொண்டுவந்த விதிதான்.

அத்தை: நீ வாரம் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னே. உன்னைக் கட்டிப்போடக் கொண்டுவந்தேன். அது என் கழுத்துக்கே வரும்னு யாருக்குத் தெரியும்.

தங்கச்சி: அண்ணா, உன் கிட்டாருக்குக் கோரஸ் வாங்கினப்போ என்ன காரணம் எழுதினோம்?

அண்ணன்: அது இப்ப எதுக்கு...

தங்கச்சி: 'ஒலிக்கு விரிவு தருதல்.' இந்தக் கையாலதான் எழுதினேன்.

அத்தை: பாத்தியா. உன் ஒலிக்கு விரிவு. என் ஒலிக்கு விசாரணை.

அண்ணன்: கிட்டார் வேற, கீழ்ச்சுரம் வாசிக்கற பேஸ் வேற. ஒரே சுரத்தை நாலு பேர் சேந்து வாசிக்கற மாதிரி அலைய விடறதுதான் கோரஸ். கிட்டார் அலையலாம். பேஸ் அலைஞ்சா, தரையே ஆடும்.

அத்தை: தரை, தூண், அஸ்திவாரம். பேஸ் வாசிக்கறவங்களைக் கட்டடத்தோட பாகமாவே பாத்துப் பழகிட்டீங்க.

அண்ணன்: பெருமையாத்தானே சொல்றோம்.

அத்தை: அஸ்திவாரத்தை எவனும் நின்னு பாத்து ரசிக்கறதில்லைடா. விரிசல் விட்டாத்தான் குனிஞ்சு பாப்பான்.

தங்கச்சி: இதையும் எழுதவா?

அண்ணன்: வேண்டாம்.

அத்தை: எழுது.

தங்கச்சி: ...எழுதிட்டேன்.

அத்தை: பெடலைக் கடையிலேருந்து கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். வாசிச்சுக் காட்டறேன். அப்புறம் பேசு. இந்தக் குமிழைப் பாரு. இதை இங்க வச்சா கீழ் ஒலியைத் தொடாது. மேல மட்டும் மினுங்கும். உன் தரை ஆடாது, கவலைப்படாதே.

தங்கச்சி: அத்தை, செருப்பைப் போட்டுக்கிட்டு வாசிங்க. தரை சில்லுனு இருக்கு.

அத்தை: வேண்டாம்மா. இப்பல்லாம் வெறுங்கால்தான் வசதியா இருக்கு... எங்க, ரெண்டாவது பாட்டு. எண்ணு.

தங்கச்சி: ஒண்ணு, ரெண்டு, மூணு...

அத்தை: ...எப்படி?

தங்கச்சி: அண்ணா, நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லு. காசா பணமா.

அண்ணன்: தனியா நல்லா இருக்கு. இப்ப என் கிட்டாரோட கேளுங்க.

தங்கச்சி: ...ஐயோ, நிறுத்துங்க ரெண்டு பேரும். ஒரே வாளியில ரெண்டு பேர் துணி அலசற மாதிரி இருக்கு.

அண்ணன்: இதைத்தான் சொன்னேன்.

அத்தை: அப்போ ஒருத்தர் வாளியை விட்டு எழுந்திருக்கணும்.

அண்ணன்: பின்னாடி வந்தவங்கதான் எழுந்திருக்கணும்.

அத்தை: உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு பேஸ் வாசிச்சிருக்கேன். யாருடா பின்னாடி வந்தது?

தங்கச்சி: இதைக் கேக்காமலே எழுதிட்டேன்.

அண்ணன்: விளையாட்டு போதும். சனிக்கிழமை கச்சேரிக்கு மண்டபக்காரர் அவரே வந்து முன்வரிசையில உக்காரப் போறார். நினைப்பு இருக்கட்டும்.

அத்தை: வரட்டுமே. டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லு.

அண்ணன்: போன தடவை அவர் ஊர்ல இல்லை. பேஸ் கொஞ்சம் தடம் மாறிடுச்சுன்னு யாரோ அவர் காதுல போட்டிருக்காங்க.

அத்தை: நாசூக்காப் பேசாதே. ரெண்டாவது பாட்டுல ஒரு சரணம் முழுக்க அரைச்சுரம் தள்ளி வாசிச்சேன். இவ குச்சியை நீட்டிக் காட்டின பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.

அண்ணன்: அவர்கிட்ட விளக்கம் சொல்லிட்டேன். அன்னைக்கு மழை, மண்டபம் பூரா ஈரம், தந்தி இறங்கிடுச்சுன்னு.

அத்தை: ...ம்.

அண்ணன்: சரின்னு கேட்டுக்கிட்டார். ஆனா மறுபடியும் இப்படி ஆச்சுன்னா பேஸுக்கு வேற ஆள் பாத்துட்டு வாங்க, இல்லேன்னா வராதீங்கன்னுட்டார்.

அத்தை: ஓ. அதுக்குத்தான் இவ்வளவு சுத்து வழியா? தூறல், பொருள், தக்க காரணம்... என்னை இறக்கணும்னா நேரா சொல்லு. தேதி போட்டு எழுதிக் கொடு, வாங்கிக்கறேன்.

தங்கச்சி: அத்தை, அண்ணன் அப்படிச் சொல்லல...

அத்தை: இறங்கவும் மாட்டேன். அது வேற விஷயம்.

அண்ணன்: நான் கேக்கறது ஒரே ஒரு காரணம், அத்தை. உங்க வாயால.

அத்தை: என் வாயால ஒரே ஒரு காரணம்தான் வரும். ஆசை. உன் வயசுல நீ ஆசைப்பட்டா அதுக்குப் பேரு ரசனை. ஐம்பத்தெட்டு வயசுல நான் ஆசைப்பட்டா மட்டும் ஆதாரம் கேப்பியா? மாட்டேன்னா மாட்டேன்னு எழுது. சனிக்கிழமை பெடலைக் காலுக்குக் கீழே வச்சு மிதிக்கத்தான் போறேன். மேடையில வந்து பிடுங்கிப் பாரு.

அண்ணன்: ...பேனாவை இங்க குடு.

தங்கச்சி: நான்தானே எழுதணும்?

அண்ணன்: இதை நான் எழுதறேன்.

தங்கச்சி: என்னத்தை எழு... அண்ணா, இது...

அண்ணன்: கையெழுத்துப் போடு.

தங்கச்சி: நல்லா யோசிச்சியா?

அண்ணன்: போடு.

தங்கச்சி: ...போட்டாச்சு.

அத்தை: ரெண்டு பேரும் போட்டாச்சு. கோரினவளுக்கு மட்டும் என்னன்னு தெரியாது. படிம்மா.

தங்கச்சி: 'பேஸ் கிட்டாருக்குக் கோரஸ் பெடல் சேர்க்கப்படுகிறது. கிட்டாருக்கான கோரஸ் பெடல் இன்று முதல் மேடையிலிருந்து விலக்கப்படுகிறது. காரணம்: ஆசை.'

அத்தை: ...உன் பெடலை எதுக்குடா எடுக்கறே?

அண்ணன்: ஒரே வாளியில ரெண்டு பேர் அலச முடியாது.

அத்தை: உன் பாட்டுல பாதி அதை நம்பித்தானே நிக்குது.

அண்ணன்: விரல் இருக்கு. சமாளிச்சுக்கறேன்.

அத்தை: அந்தத் தாளை இப்படிக் கொண்டா.

தங்கச்சி: இந்தாங்க. கீழே, அண்ணன் பேருக்குப் பக்கத்துல போடுங்க.

அத்தை: போட மாட்டேன். காரணத்தை அடி.

தங்கச்சி: அத்தை, இவ்வளவு நேரம் அதுக்குத்தானே சண்டை போட்டீங்க?

அத்தை: உன் அண்ணன் தன் பெடலைத் தூக்கிக் கொடுக்கறான். அதுக்குக் கீழே பொய்யை வச்சு நான் கையெழுத்துப் போடறதா? நல்லாக் கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். கீழ்ச்சுரம் என் காதுல விழறதில்லை. டாக்டரைப் பாத்துட்டேன், இது இனி திரும்பாதுன்னுட்டார். வெறுங்காலால தரை அதிர்றதை வச்சுத்தான் வாசிக்கறேன். இந்தப் பெடல் போட்டா மேல ஒரு மினுமினுப்பு கேக்குது. நான் எந்தச் சுரத்துல நிக்கறேன்னு எனக்குத் தெரியுது. இரக்கப்பட்டு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நல்லா வாசிப்பேன்னு தோணினா கொடு.

அண்ணன்: நல்லா வாசிப்பீங்க. அதனாலதான் எழுதினேன். ஆசையை அடிச்சு அதையே காரணமாப் போட்டுட்டேன். கையெழுத்துப் போடுங்க.

அத்தை: ...போட்டாச்சு. எடுத்துக்கோ. இன்னொண்ணையும் திருத்தணும். போன கச்சேரி நாள்ல 'மழை'ன்னு குறிச்சு வச்சிருக்கே. அன்னைக்கு ஒரு பொட்டு மழை கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்துச்சு. கால்புள்ளி ஒண்ணு தப்பினாலே ராத்திரி தூங்காதவன்டா நீ.

அண்ணன்: திருத்த மாட்டேன், அத்தை. அந்த ஒரு மழை மட்டும் குறிப்புல தனியா நின்னா யார் கண்ணுலயாவது பட்டுடும்னுதான், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் வானிலை எழுதிட்டு வர்றேன். இந்தாங்க, உங்க தீர்மானம்.