விலை இறங்கும் வயலின்

மார்ச் 12, செவ்வாய். பாடசாலை விட்டதும் வழக்கம்போல் ஹட்டனில் 2.10 மஸ்கெலியா பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இருவர். மூத்தவர் சொன்னார்:

"இன்னைக்கும் வயலின யாரும் வாங்கல. மாதா காப்பாத்திட்டா."

"ஹட்டன் மியூசிக் கடையில விக்கக் குடுத்துட்டு, விக்கலன்னு சந்தோசப்படுற ஒரே ஆளு நீங்கதாண்ணே."

"ஆள் வர்ற வரைக்கும் தெனம் விலைய எறக்கிக்கிட்டே போறாங்கப்பா. எம் மக கோயில்ல வாசிச்சது."

"அப்ப நீங்களே திருப்பி எடுத்துக்குங்க."

"எடுத்து எங்க வைக்க? செத்த புள்ள சாமான கண்ணுல காட்டாதீங்கன்னு அவ அம்மா அழுவுறா."

டிக்கோயாவில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காலை ஹட்டனில் இறங்கியதும் முதலில் அந்த இசைக்கடைக்கு நடந்தேன். கடை இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே வயலின் இருந்தது. பஸ்ஸில் பார்த்த அந்த மூத்தவர் எனக்கு முன்பே வந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றிருந்தார்.