புள்ளியில நடக்குற ஆள்

உக்காந்துதான் சார் இருந்தேன், கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. உங்களுக்கு எரிச்சலா இருந்தா சொல்லுங்க, அந்தப் பக்கம் போய் நடக்குறேன். இல்லையா? சரி. உங்க பையன இன்னும் கூப்பிடலையா? கூப்பிடுவாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, ஊசி கீசி கிடையாது. ஒரு டிவி, அதுக்குக் கீழ சின்னதா ஒரு கேமரா. புள்ள கண்ணு எங்க போகுதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். அவ்ளோதான்.

டிவிலயா? வெறும் புள்ளி சார். ஒரு ஆளோட தோளு, முட்டி, கணுக்கால்னு மூட்டுக்கு மூட்டு குட்டி விளக்கு ஒட்டி, இருட்டுல நடக்க விட்ட மாதிரி. ஒரு பக்கம் அந்த ஆளு நடக்குறாராம். இன்னொரு பக்கம் அதே புள்ளிங்களக் கலைச்சுப் போட்டிருக்காங்களாம். பொதுவா புள்ளைங்க கண்ணு ஆளு பக்கம்தான் போகுமாம். என் பொண்ணுக்குப் போகல. ரெண்டு பக்கமும் அவளுக்கு ஒண்ணுதான்.

ஆறு வயசு சார், ஒரே பொண்ணு. ஆட்டிசம்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவன். வீட்டுல ஒரு மெஷினத் தொறந்து போட்டு டிரம்ம ஓட விட்டா, பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. டிரம் ஒரு நூலு ஆடினா போதும், பேரிங் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அவளும் சரியா அப்பத்தான் தலையத் தூக்குவா. அப்பனுக்கு ஏத்த பொண்ணுன்னு எனக்குத் தல கால் புரியாத பெருமை. அவ அம்மா நர்ஸ், டியூட்டி முடிச்சு வருவா, எங்க முன்னாடியே போவா, கை ஆட்டுவா. திரும்பவே மாட்டோம். இல்ல... மாட்டா. பொண்ணச் சொன்னேன்.

மணி என்ன சார்? ஓ.

மச்சான் ஒருத்தன் இருக்கான், சம்சாரத்தோட தம்பி. யாரு மூஞ்சியும் பாத்துப் பேச மாட்டான். டாக்டர் சொன்ன அன்னைக்கே நான் முடிவு கட்டிட்டேன், இது அவங்க பக்கத்துலேருந்துதான் வந்துச்சுன்னு. மனசுல வெச்சிருந்தாலாவது பரவால்ல. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கறப்போ அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். தட்டுல கை வெச்சவன் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்புறம் வாசப்படி மிதிக்கல. சம்சாரமா? அவன் தட்ட எடுத்துக் கழுவி வெச்சதோட சரி சார். சண்டை போட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

இன்னைக்குப் பொண்ணு அந்தப் புள்ளியப் பாக்குறப்போ நானும் பின்னாடி ஸ்டூல்ல இருந்தேன். முடிஞ்சதும் டெஸ்ட் எடுக்குற மேடத்துகிட்ட சும்மா கேட்டேன், எங்க மேடம் இதுல ஆளுன்னு. நான் விளையாடுறேன்னு நெனச்சு சிரிச்சாங்க. மறுபடி போட்டாங்க. இது தோளு, இது முட்டின்னு விரல் வெச்சுக் காட்டுனாங்க. விரல எடுத்ததும் புள்ளிதான் சார். மூணு தடவ போட்டாங்க. மூணாந்தடவ அவங்க சிரிக்கல. இத ஒண்ண வெச்சு எதையும் சொல்ல முடியாது, வெளிய இருங்க, டாக்டர் உங்ககூடப் பேசுவாங்கன்னுட்டாங்க.

பொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சுது சார், உள்ள விளையாடிக்கிட்டிருக்கா. நான் இங்க காத்துக்கிட்டிருக்கறது எனக்காக.

சம்சாரத்துக்குப் போன் போட்டு, எனக்கும் அந்த ஆளு தெரியலன்னு சொல்லிட்டேன். உன் தம்பிய அநியாயமாப் பேசிட்டேன்னும் சொன்னேன். வர்றேன்னு ஒரே வார்த்த, வெச்சுட்டா. நாப்பது நிமிஷம் ஆச்சு.

அதோ, வராண்டா கடைசில, நர்ஸ் டிரஸ்ல ஒருத்தங்க வர்றாங்க பாருங்க. நீலப் பை இருக்கா? இருக்கு. அப்ப அவதான். பைய வெச்சுத்தான் எப்பவும் கண்டுபிடிப்பேன்.

சார், ஒரு உதவி. கோவமா வர்றாளா, சாதாரணமா வர்றாளா? நடையப் பாத்தாலே தெரிஞ்சிடும்பாங்க எல்லாரும். எனக்குப் பை ஆடுறதுதான் தெரியுது. கிட்ட வர்றதுக்குள்ள கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்.